குட்டை, நெட்டை, மூன்று குட்டை

தப்பா நினைக்காதீங்கம்மா, கொஞ்ச நேரம் நான் பேசிக்கொண்டே இருக்கலாமா? நீங்க பதில்கூடச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். நான் பேச்சை நிறுத்தினால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒலிக்கிறது என் காதில் விழுந்துவிடும். விழுந்தால் அது ஒரு பாவம். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இரண்டாவதைத் தாங்க மாட்டேன்.

உங்க வீட்டுக்காரர்தானே உள்ளே போன முதல் குழுவில் இருக்கிறவர், நீலச் சட்டை? அவருக்குத்தான் இப்போது சத்தத்திலேயே ஒரு கடிதம் போடுகிறார்கள், கேட்டு எழுதணும். பீப், பீப்பென்று உங்களுக்கு வெறும் சத்தமாகக் கேட்கும். எனக்கு அது எழுத்தாகக் கேட்கும். நான் இரண்டாவது குழு. எங்களுக்கும் அதே கடிதத்தைப் போட்டுவிட்டால்? முன்னாலேயே கேட்டுவிட்டுப் போய் எழுதினால் அது திருட்டு இல்லையா? அதனால்தான் பேசுகிறேன். செபமாலை உருட்டலாமென்றால் அதையும் காணோம். பையில்தான் வைத்தேன். ரயிலிலே எங்கேயோ விழுந்திருக்கும்.

ஆமாம்மா, பரீட்சை எனக்குத்தான். எங்க வீட்டுக்காரருக்கு இல்லை. இவர் எழுதிப் பாஸ் பண்ணி மூன்று வருஷம் ஆகிறது. கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மேலே வர மாட்டேன் என்கிறார். எனக்குப் பரீட்சை, பயம் இவருக்கு.

எங்களுக்கு திண்டுக்கல். நான் ஜெசிந்தா. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. மகள் திருப்பூரில், மகன் மஸ்கட்டில், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. இவர் அமலதாஸ், கரண்ட் ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயரான மனுஷர்கள் தோட்டம் போடுவார்கள், அரசியல் பேசுவார்கள். இவர் ஒரு பொட்டி வாங்கி வந்தார். பொட்டி என்றால் பெரிசு இல்லை, டிபன் பாக்ஸ் அளவு ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பேசுகிறது என்றால் வாயால் இல்லை, விரலால். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினால் எழுத்து. பால்காரர் மணி அடிப்பாரே, டி-டா-டி என்று? அது ஆர் என்கிற எழுத்து. இருபது வருஷமாக அந்த மனுஷர் தினமும் ஆர் சொல்லிக்கொண்டு போகிறார், அவருக்கே தெரியாது.

அதில் பேச அரசாங்க லைசன்ஸ் வேண்டும், இந்தப் பரீட்சை அதற்குத்தான். ஆனால் லைசன்ஸ் வாங்குவதற்கு முன்னால் இவர் பட்ட பாடு இருக்கிறதே. எங்கள் வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை. நான் முன்பாதி சொல்வேன், இவர் பின்பாதி சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். இந்தப் பழக்கத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பொட்டி வந்ததும், ஏழு மணிக்கு முன் அறையில் பீப், பீப். நான் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவேன், அங்கிருந்து 'டா-டா-டி-டா' என்று பதில் வரும். நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. அந்தோணியாரிடம் மட்டும் வேண்டிக்கொண்டேன், அந்தப் பொட்டி கெட்டுப் போகட்டும் என்று. கெட்டும் போனது. பேட்டரி தீர்ந்திருந்தது. மறுநாளே புதுசு போட்டுவிட்டார்.

அப்புறம் இவரே வந்தார். தட்ட வந்துவிட்டதாம், கேட்டு எழுதத்தான் வரவில்லையாம். இன்னொருத்தர் தட்டினால்தான் பழக முடியுமாம். வீட்டில் இன்னொருத்தர் என்று யார் இருக்கிறார்கள்? நான் சொன்னேன், பத்து நிமிஷம் தட்டுகிறேன், நீங்க செபமாலையின் ஐந்து பத்தும், ஐம்பது மரியேயும், என்னோடு சொல்லணும் என்று. சரி என்றார். அப்படித்தான் என் விரலுக்கு இது வந்தது. அட்டையில் எழுதி வைத்திருப்பார், பார்த்துத் தட்டுவேன். ஆறு மாசத்தில் அட்டை வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷத்தில், இவர் தட்டினால் எங்கே தப்பு என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை எனக்கு எப்போதுமே கிடையாது. ரசம் கொதிக்கிற சத்தத்தில்கூடக் கேட்கும்.

இருங்க. உள்ளே மழை என்கிறார்கள். ஆர், ஏ, ஐ, என். கேட்டுவிட்டதா? கேட்கவில்லை, கேட்கவில்லை. நான் பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் சிறுமலைக்குப் போவோம். பதினெட்டு ஊசிமுனை வளைவு. பொட்டி, பேட்டரி, சுருட்டின கம்பி, எலுமிச்சைச் சாதம். கம்பியை மரத்தில் உயரமாகப் போட வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்து கிளைக்கு மேலே போடுவது. அது இவருக்கு வராது. முப்பத்து நாலு வருஷம் கம்பம் ஏறின மனுஷருக்கு எறிய வரவில்லை பாருங்க. நான்தான் எறிவேன். சின்ன வயசில் புளியம்பழம் அடித்த கை. இரண்டாவது எறிக்கு மேலே போனதில்லை.

அந்தப் பொட்டிக்கு ஐந்து வாட்தான் பலம். எங்கள் தெருவில் மாதா கெபியில், அதுதான் சிலை வைத்த சின்னக் குகை, அதில் ஒரு சின்ன பல்பு எரியும், அவ்வளவுதான் கரண்ட். அதை வைத்துக்கொண்டு சிறுமலையிலிருந்து ஷிமோகா வரைக்கும் போகிறது. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு யோசித்தேன், செபம் மட்டும் எத்தனை வாட்டில் போகிறது?

ஷிமோகாவில் பட் என்று ஒருவர். பாக்குத் தோட்டம், வாத்தியாராக இருந்தவராம். முழங்கால் சரியில்லாததால் வெளியே போவதில்லை. ஞாயிறு பத்து மணிக்கு எங்களுக்காகக் காத்திருப்பார். இவரும் அவரும் என்ன பேசுவார்கள் என்கிறீர்கள்? உங்கள் ஊரில் வெயிலா, எங்கள் ஊரில் மேகம். உங்கள் சத்தம் நன்றாகக் கேட்கிறது, என் சத்தம் கேட்கிறதா. அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரம். என்னிடம் இவர் ஒரு வாரத்துக்குப் பேசுவதை அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேசிவிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. எழுதி எழுதி வைப்பாரில்லையா, நான் பக்கத்திலிருந்து படித்துக்கொள்வேன்.

இப்போது அந்தப் பாவத்துக்கு வருகிறேன்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு. காற்றில் கம்பியின் மேல்முனை அவிழ்ந்து தொங்கிவிட்டது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். காதில் மாட்டுகிற ஹெட்போனை என்னிடம் கொடுத்து, சத்தம் நன்றாகக் கேட்டால் கையைத் தூக்கு என்றார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட் கூப்பிடுகிறார். எங்கள் பெயரை, பெயர் என்றால் அரசாங்கம் கொடுத்த குறி, அதைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார். இவர் மரத்தில். இரண்டாவது தடவை. இவர் இன்னும் மரத்தில். பட் மூன்று தடவைதான் கூப்பிடுவார், பதில் இல்லையென்றால் மூடிவிடுவார், அது எனக்குத் தெரியும். முழங்கால் சரியில்லாத மனுஷர், வாரம் முழுக்கக் காத்திருந்தவர். வாசலில் ஒருத்தர் நின்று கூப்பிடும்போது உள்ளே இருந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால் எப்படி இருக்கும்? மூன்றாவது தடவை கூப்பிட்டார். என் விரல் பொட்டிக்குப் போய்விட்டது.

குட்டை, நெட்டை, மூன்று குட்டை. அவ்வளவுதான். கொஞ்சம் இருங்க என்று அர்த்தம்.

அவர் உடனே ஆர் என்றார். சரியென்று அர்த்தம். காத்திருந்தார். இவர் இறங்கி வந்து உட்கார்ந்தார். நான் ஹெட்போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். ஆனால் கையெழுத்து மாதிரிதான் இதிலும், ஒவ்வொருத்தர் கையும் தனியாகத் தெரிந்துவிடும். எனக்கு அது அப்போது தெரியாது. இவர் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். இதற்கு முன்னால் தட்டினது யார், அது உங்கள் கை இல்லை, நல்ல கை. அப்படி எழுதியிருந்தது.

லைசன்ஸ் இவர் பெயரில். லைசன்ஸ் இல்லாத கை தொடக் கூடாது, அது சட்டம். இவரோ கரண்டை நிறுத்தியாயிற்று என்கிற லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் கை வைத்த ஆளைச் சஸ்பெண்டு பண்ணச் சொல்லி எழுதினவர். குறிப்பு நோட்டை எடுத்து நேரம் போட்டு, 'ஐந்து குறிகள், மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் எழுத மாட்டார். பதினெட்டு வளைவும் இறங்கினோம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார், அதிலாவது ஏதாவது எழுத்து வருமா என்று பார்த்தேன், வெறும் ஹாரன். மலையடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு வருஷமா அவரோட பேசுறேன். ஒரு நாள் என் கை நல்லாருக்குன்னு சொன்னதில்ல."

அதில் இவருக்கு என்ன வருத்தமென்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நான் கேட்டேனா, என் கையைப் புகழச் சொல்லி?

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. எங்கள் பங்குச் சாமியார் எட்வின் புதுசு, சின்ன வயசு. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"சாமி, உத்தரவில்லாம வெளி ஆள் ஒருத்தர்கிட்ட பேசிட்டேன்."

சாமியார் தட்டிக்குக் கிட்டே சாய்ந்தார். "யாரும்மா அவர்?"

"முகம் பார்த்ததில்ல சாமி. ஷிமோகா."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவை. அஞ்சு குறி."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவர் அப்ப மரத்து மேல இருந்தாரு சாமி."

"என்னதான் சொன்னீங்க அவர்கிட்ட?"

"கொஞ்சம் இருங்கன்னேன்."

பிறகு முழுக்கதையும் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருமல். ரொம்ப நேரம் இருமினார் பாவம். அப்புறம், மூணு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கம்மா, லைசன்ஸ் எடுத்துட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும் என்றார்.

மூன்று மரியே அங்கேயே சொல்லி முடித்துவிட்டேன். லைசன்ஸ்? அதை எங்கே முடிக்கிறது? கொடுத்த பரிகாரம் பாதியில் நிற்கும்போது எந்த முகத்தோடு நன்மை வாங்குவது? நன்மை என்றால் பூசையில் வரிசையாகப் போய் அப்பம் வாங்குவோமே, அது. ஈஸ்டருக்கு அப்புறம் இந்த டிசம்பர் வரைக்கும் வாங்கவில்லை. ஏழு வயசில் முதல் நன்மை வாங்கின நாளிலிருந்து ஒரு ஞாயிறு விட்டதில்லை நான். பிரசவத்துக்குக்கூட ஆஸ்பத்திரிக்குச் சாமியார் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். அவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்கிறீர்களா? இவரும் அதைத்தான் சொன்னார். சாமியாரே வீட்டுக்கு வந்து சொன்னார். ஆனால் அன்றைக்குத் தட்டிக்குப் பின்னாலிருந்து சொன்னது இல்லையா? விளையாட்டுக்கு வேறு இடம் இல்லையா?

தேயிலை. டீ, ஈ, ஏ. ஐயோ. அப்புறம் லாரி. இந்த ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் என்ன?

கோயிலில் எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் கால்வலி என்று நினைத்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து இவரும் உட்கார்ந்துவிட்டார். ஏங்க போகலையா என்றால், உனக்கு இல்லாம எனக்கு மட்டும் எதுக்கு என்று முணுமுணுப்பார். வரிசையில் நிற்கச் சோம்பல், வேறென்ன. இரண்டு பேரும் உட்கார்ந்ததும் ஊர்வாய் திறந்துவிட்டது. இந்த வயசில் இதுங்க ரெண்டும் அப்படி என்ன பண்ணிச்சு என்று. பூசைக்கு வருகிற ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எதுனாலும் எங்கிட்டச் சொல்லு ஜெசிந்தா என்றாள். நான் சொன்னேன், ஷிமோகாக்காரர் ஒருத்தர் என்று தொடங்கினதுமே கையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் யாரிடம் என்ன சொன்னாளோ, கறிக்கடைக்காரர் இவரைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

அதனால் படித்தேன். ஆசைக்கு இல்லை, பரிகாரத்துக்கு. தட்டுகிறது தெரியும், சட்டமும் கரண்டு பாடமும் யார் படிப்பது? இவர்தான் வழி கண்டுபிடித்தார். சின்னப் பிள்ளையில் கோயிலில் ஞானோபதேசம் எப்படிப் படித்தோம்? கேள்வி, விடை, கேள்வி, விடை. அதே மாதிரி நோட்டில் எழுதிக்கொடுத்தார். கேள்வி: ஆபத்திலிருப்பவரின் குரல் கேட்டால் என்ன செய்ய வேண்டும்? விடை: நம்முடைய பேச்சை அந்தக் கணமே நிறுத்தி, அவருக்கு வழிவிட வேண்டும். இதைச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லலாம். காலையில் எழுத்துப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. டிக் போடுவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பட் கேட்கிறார், அந்த இன்னொரு கை எப்போது வரும் என்று. இவர் பதில் அனுப்புவார், படிக்கிறாள் என்று. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கம்பியை மட்டும் எறிவேன். எறிவதற்கு லைசன்ஸ் வேண்டாமாம், கேட்டுவிட்டேன்.

முடிந்துவிட்டது போலிருக்கிறது, சத்தம் நின்றுவிட்டது. அம்மா, நான் உங்களிடம் ஒன்று சொல்லவா? இத்தனை பேசியும் எல்லாம் கேட்டுவிட்டது. மழையில் மலைப்பாதை அடைபட்டது, தேயிலை ஏற்றின லாரி இரண்டு நாள் தாமதம், சாமான் வந்ததும் தகவல் அனுப்பவும். நடுவில் ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, அதன் எழுத்து எட்டும் மட்டும் தெரியும். இப்போது என்ன செய்வது? போய்ச் சொன்னால், கேட்டுட்டீங்களா, அப்ப அடுத்த தடவை வாங்க என்று அனுப்பிவிட்டால்? கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்தான். நடுராத்திரிப் பூசையிலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லாமல் எழுதினால் பாஸ் ஆகிவிடும். ஆனால் திருட்டு லைசன்ஸை வைத்துக்கொண்டு எந்தப் பரிகாரத்தை முடிப்பது?

கூப்பிடுகிறார்கள். என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க. சொல்லிவிடத்தான் போகிறேன்.

...

இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா? நல்லதாயிற்று. உங்க வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறாரா? சரி சரி, உட்காருங்க, சொல்கிறேன்.

சொல்லிவிட்டேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் அதிகாரி. மேடம், உள்ளே போட்டது வெளியே எனக்குக் கேட்டுடுச்சு, நான் எழுதலாமா கூடாதா நீங்களே சொல்லுங்க என்றேன். என்ன கேட்டது என்றார்கள். மலைப்பாதை, தேயிலை, லாரி, எல்லாம் சொன்னேன். அர்த்தம் தெரியாத வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பேசிக்கிட்டேவா கேட்டீங்க?" என்றார்கள். ஆமாம் மேடம், கேட்கக் கூடாதுன்னுதான் பேசினேன் என்றேன்.

குழுவுக்குக் குழு வேறு கடிதம்தானாம்மா. முன்னாலேயே தெரிந்திருந்தால் நீங்க நிம்மதியாகப் பத்திரிகை படித்திருக்கலாம். எங்களுக்குப் போட்டது ஏதோ துறைமுகம், உப்பு மூட்டை. எழுதினேன். ரொம்ப மெதுவாக இருந்தது. நடுவில் ஒரு மரியே சொல்லவும் நேரம் இருந்தது. தட்டிக் காட்டச் சொன்னார்கள், தட்டினேன். முடிவு முறைப்படி பிறகுதான் வரும், இப்போது ஒன்றும் சொல்லக் கூடாது என்றார்கள். சரி மேடம் என்று வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"அம்மா, நல்ல கை" என்றார்கள் பின்னாலிருந்து.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெருமை வந்துவிடுமே. பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அதோ, ஜன்னல் வழியாகப் பாருங்க, அதுதான் எங்கள் வீட்டுக்காரர். எவ்வளவு நேரமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரோ. விரல் அசைகிறது பாருங்க, இங்கேயும் தட்டிப் பழகுகிறார். ஏங்க என்று இத்தனை பேர் முன்னால் கத்தினால் நன்றாக இருக்காது. இந்த ஜன்னல் கம்பியில் மோதிரத்தால் தட்டுகிறேன். ஜன்னல் கம்பிக்கு லைசன்ஸ் வேண்டாம்தானே?

குட்டை, நெட்டை, மூன்று குட்டை. கொஞ்சம் இருங்க, வருகிறேன்.

நிமிர்ந்துவிட்டார். கையைத் தூக்குகிறார். கையில் என்ன தொங்குகிறது? அட, என் செபமாலை. ரயிலிலே விழவில்லை, பையிலிருந்து எடுத்திருக்கிறார் மனுஷர். ஏழு மணிகூட ஆகவில்லை, நான் முன்பாதி சொல்லவும் இல்லை. முன்பாதி பின்பாதி இரண்டையும் ஒற்றை ஆளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு விரலை நீட்டி ஆட்டுகிறார், பாருங்க. குட்டை. நெட்டை. மூன்று குட்டை.

என்னைத்தான் இருக்கச் சொல்கிறார். கடைசிப் பத்தில் இருப்பார் போல.

உட்காருங்கம்மா, முடிக்கட்டும். எலுமிச்சைச் சாதம் இருக்கிறது, கொஞ்சம் சாப்பிடுகிறீர்களா?